அறுபது வாட்ஸ்தானே!

ஸ்பீக்கரில் வாட்ஸ் கூடினால் சத்தமும் கூடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் தலைவனாக நான் இருந்தேன். (தேர்தல் இல்லாமலே.)

தங்கச்சி சுமதியைப் பெண் பார்க்கத் தம்புள்ளையிலிருந்து வருகிறார்கள் என்றதும், அலுவிகாரையில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை கிடைத்தது. எனக்குப் பாட்டு. என்னிடம் ஒரு சின்ன அம்ப்ளிபயரும், பெருமையோடு வாங்கிய இருநூறு வாட்ஸ் ஸ்பீக்கர் ஜோடியும் இருந்தன. வொலியூமை முழுதாகத் திருகி நாதஸ்வரம் போட்டேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, இன்னும் போடலியா?"

"போட்டாச்சுப்பா."

"அப்ப அது பாடுறது அதுக்காவது கேக்குதா?"

கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடும் நண்பன் ரிஸ்வானிடம் ஓடினேன். இரண்டு பழைய பெட்டிகளைத் தந்தான். பின்பக்கம் 'அறுபது வாட்ஸ்' என்றிருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"சத்தத்தக் கொஞ்சமா வை மச்சான்," என்றான். (தன் பொருளைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.)

வயரை மாட்டி முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது. அறுபது வாட்ஸ்தானே என்று வொலியூமை அப்படியே விட்டேன்.

எல்லாரும் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்கள். பாட்டைத் தேடிப் போனைத் திறந்தால், கண்டி அத்தை ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவசரமாக இருக்குமோ என்று அழுத்திக் காதில் வைத்தேன். போன் அம்ப்ளிபயரோடு ப்ளூடூத்தில் இணைந்திருந்தது ஞாபகமில்லை.

"டேய் தம்பி! மாப்பிள்ளையோட அம்மா பெரிய வாய்க்காரியாம்! அம்மாவ பாத்துப் பேசச் சொல்லு!"

அத்தை எங்கள் கூரைமேல் ஏறி நின்று பேசியது போலிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாப்பிள்ளை தேத்தண்ணியைத் தன் வெள்ளைச் சட்டைக்குக் கொடுத்தார். தெருவில் போன ஓட்டோ நின்றது. நான் பதறிப்போய் அழுத்தியதில் அத்தை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து அரைகுறை அலங்காரத்தோடு ஓடிவந்த சுமதிதான் பிளக்கைப் பிடுங்கினாள். பெண் பார்க்கும் சடங்கு அப்படித்தான் நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கப்பைக் கீழே வைத்தார்.

"சொன்னது உண்மைதாங்க. ஆனா இவ்வளவு சத்தமா என்னாலயே பேச முடியாது."

முதலில் சிரித்தவள் சுமதி.

"சட்டுனு வந்து பிளக்கப் புடுங்குச்சு பாருங்க, இந்தப் புள்ளதான் எங்க வீட்டுக்கு வேணும்," என்றார் அவர்.

அறுபது வாட்ஸ் எப்படி அப்படிக் கத்தியது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ், ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு கத்தும் என்பதைச் சொல்வது அதன் உணர்திறன்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்ற கணக்கு. என்னுடையது எண்பத்துநான்கு, ரிஸ்வானுடையது தொண்ணூற்றாறு. மூன்று டெசிபல் கூட்ட அம்ப்ளிபயர் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். எங்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள பன்னிரண்டைக் கூட்டப் பதினாறு மடங்கு. எந்த ஸ்பீக்கரும் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கித்தான் வீணாக்குகிறது. அவனுடையது கொஞ்சம் கூடுதலாகச் சத்தமாக்கியது. அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது.

கல்யாணத்தில் அத்தை கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். சம்பந்தியம்மா தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது இருவரும் மணிக்கணக்காகப் போனில் பேசுகிறார்கள்.

நான் மட்டும் இன்னும் தப்பவில்லை. எந்த விசேஷத்திலும் கையில் ஒரு வயரை எடுத்தால் போதும், சம்பந்தியம்மா சபையைக் கையமர்த்தி விடுவார்:

"எல்லாரும் பேசாம இருங்க. தம்பி இன்னைக்கு யாரு ரகசியத்தப் போடப் போறாருன்னு பாப்போம்."