வளைவுப் பலகை

வளைவில் நின்ற அம்புக்குறிப் பலகை குப்புறக் கிடந்தது. போன வாரம் அங்கே இருந்த பலகை காற்றில் லேசாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்தி வைத்தால் போதும். ஆனால் நெடுஞ்சாலைத் துறையின் பலகைக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பழைய பெயின்ட் பலகையைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் தாள் ஒட்டிய புதுப் பலகையை நட்டார். நட்ட மூன்றாம் நாளே ஏதோ வண்டி இடித்து இந்தக் கதி.

"இருபது வருஷமா போர்டு நடுறீங்க. ஒரு வளைவைச் சமாளிக்க முடியலையா?" என்றார் பொறியாளர். "இன்னும் ரெண்டு தடவை விழுந்துச்சுன்னா உங்களுக்கு ஃபைல் ரூம்தான்."

ஃபைல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வெயிலிலும் காற்றிலும் வேலை பார்த்த மனிதர் அதற்குள் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார். அதற்காக விட்டுவிடுவாரா?

அன்றே இரண்டு மடங்கு பெரிய பலகை, இன்னும் பளிச்சென்ற தாள். இருட்டியதும் மனைவியை இழுத்துக்கொண்டு போய், அவளுக்கு நாலடி தள்ளி நின்று டார்ச் அடித்தார்.

"எப்படி மின்னுது பாத்தியா?"

"சாம்பலா ஏதோ தெரியுது. இதுக்கா அடுப்புல வச்சதை இறக்கிட்டு வரச் சொன்னீங்க?"

அவர் டார்ச்சை அவள் காதோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு கூசுதுங்க."

"அதான் சங்கதி. வெளிச்சம் எங்கேருந்து வருதோ அங்கேயே திருப்பி அனுப்பும். வண்டி ஓட்டுறவன் கண்ணுல படாம தப்பிக்கவே முடியாது."

"இவ்வளவு வேணுமா?"

"இன்னும் வேணும்."

நான்காம் நாள் அந்தப் பலகையும் மல்லாந்தது. பக்கத்தில் நசுங்கிய ரொட்டிப் பாக்கெட் ஒன்று கிடந்தது. பலகைக்காரர் பல்லைக் கடித்தார். இந்தத் தடவை வரிசையாக மூன்று பலகைகள். கம்பங்களைச் சுற்றி மின்னும் பட்டை. சாலையோரம் முழுக்க மின்னும் குமிழ்கள். பைக்கில் வந்து பார்த்தபோது அவருக்கே கண்ணில் நீர் வந்தது. பெருமையில் வந்தது என்று நினைத்துக்கொண்டார்.

இனி நம்பிக்கையை மட்டும் நம்பிப் பயனில்லை என்று, ஸ்டூலும் ஃபிளாஸ்க்குமாக எதிர்ப்பக்கம் காவலுக்கு உட்கார்ந்தார். விடியற்காலை நாலு மணி வரை இமைகூட மூடவில்லை. நாலேகாலுக்கு மூடிவிட்டது.

தடாலென்ற சத்தத்தில் ஸ்டூலோடு உருண்டார். எழுந்து பார்த்தால் மூன்று பலகைகளும் தரையில். அவற்றின் மேல் ஒரு ரொட்டி வண்டி. சாலை முழுக்க ரொட்டி.

"உனக்குக் கண்ணு தெரியாதாய்யா? இத்தனை போர்டு மின்னுதே. என் வேலையே போச்சு," என்று கத்தினார்.

ஓட்டுநர் காயமில்லாமல் இறங்கி, ரொட்டிகளைப் பொறுக்கியபடியே நிதானமாகச் சொன்னான்:

"அதை ஏண்ணே கேக்குறீங்க? எவனோ பத்து நாளா இங்க எதையோ வச்சுக் கண்ணைப் பறிக்கிறான். அதனாலதான் இந்த வளைவு வந்தாலே நான் ஹெட்லைட்டை அணைச்சிடுறது."