பிங்கிக்குப் போட்ட கப்பல் முடிச்சு

காசிலிங்கத்துக்கு முதலில் துரோகம் செய்தவர் பக்கத்து வீட்டு இனிகோ. தன் மகள் கல்யாணத்தில், முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த காசிலிங்கத்தை, "அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டு ஆளுக நிக்காங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்று எழுப்பிவிட்டார். அதுவும் இலையில் பிரியாணி விழுந்த பிறகு. அடுத்த பந்தியில் கறி இல்லை, எலும்புதான். அதற்கு இனிகோ ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவேண்டும். சொல்லும்வரை அந்த ஆளின் கை தன் வீட்டுப் பொருள் எதிலும் படக்கூடாது என்பது காசிலிங்கத்தின் சபதம்.

வீட்டுப் பொருளில் இப்போது பிங்கியும் சேர்த்தி. மகன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன குட்டை நாய். தரையைக் கூட்டும் நீளத்துக்கு முடி. படுத்திருந்தால் தலை எது, வால் எது என்று பிஸ்கட்டைக் காட்டித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அதை நடக்கக் கூட்டிப்போவது மனைவி முருகேஸ்வரியின் வேலை. கழுத்துப்பட்டை போட்டால் முடி இழுபட்டுக் கத்தியது. சட்டைபோல மாட்டுகிற பெல்ட் வாங்கினாள். ஒரே வாரத்தில் அக்குளில் முடி திரண்டு கம்பளியாகிவிட்டது. கத்தரியால் வெட்டி எடுத்ததில் பிங்கி பாதி உரித்த கோழிபோல நின்றது.

"ஏங்க, நல்ல பெல்ட்டா நீங்க ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்களேன்."

"நாய்க்குச் சட்டை எடுக்க நான் என்ன அதுக்குத் தாய்மாமனா?"

"சரி, விடுங்க. இனிகோ அண்ணன் வாங்கிட்டு வாரேன்னாரு. காலையில அவரே பிங்கிய நடக்கக் கூட்டிட்டுப் போறாராம்."

காசிலிங்கம் பேப்பரை மடித்தார்.

"எதுக்காம்?"

"பாசந்தான்."

"பந்தியில இல்லாத பாசம் நாய் மேல எப்படிளா வந்துச்சு?"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று நாய் போகும். நாய் போன வழியில் நாளை ஏணி போகும், குக்கர் போகும். அப்புறம் இனிகோ, 'காசிலிங்கம் வீட்டு நாயே நம்மகிட்டத்தான் நிக்கி' என்று முத்தையாபுரம் முழுக்கச் சொல்லித் திரிவான்.

கடைக்குப் போனார். ஒவ்வொரு பெல்ட்டையும் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்தக் கொக்கிய எவன் வேணும்னாலும் கழத்தலாம்லா?"

"கழத்தத்தான அண்ணாச்சி கொக்கி?"

கடைக்காரனும் இனிகோவின் ஆள் என்று முடிவுகட்டி வெளியே வந்தார்.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பலை வடம் போட்டுக் கட்டியவர் அவர். நாயைக் கட்டத் தெரியாதா? வழுவழுப்பான உருண்டைக் கயிறு வாங்கினார். கழுத்தடியில் ஒரு வளையம், நெஞ்சைச் சுற்றி ஒன்று, முதுகில் முடிச்சு. வடம் கட்டுகிறவர்களிலேயே ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்த முடிச்சு கைவரும். பிங்கிக்குக் கச்சிதமாக இருந்தது. ஒரு முடிகூடச் சிக்கவில்லை.

முருகேஸ்வரி அவிழ்த்துப் பார்த்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

"எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"எதுக்கு, நீ அவனுக்குச் சொல்லிக் குடுக்கவா? என் கையைத் தவிர எந்தக் கையும் இத அவுக்காது."

"அப்பச் சரி" என்று அவள் உடனே படுக்கப் போனாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லும் பெண் அல்ல அவள். காசிலிங்கத்துக்கு லேசாக உறுத்தியது.

கயிற்றை மாட்டியே வைத்தால் முடி சிக்காகும். நடக்கும்போது கட்டி, வந்ததும் அவிழ்க்கவேண்டும். கட்டுவதும் அவர், அவிழ்ப்பதும் அவர் என்றால் இடையில் நடப்பது வேறு யார்? காலை, மதியம், மாலை என்று நடந்தார். தன் தம்பி பேரன் காதுகுத்துக்குச் சாத்தான்குளம் கிளம்பியபோதும், "நீங்க வந்துட்டா பிங்கிய யாரு கட்டுவா?" என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி தனியாக பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் இனிகோ எதிரே வந்தார். நாயைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

"என்னவே ஒதுங்குதீரு? இத நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னீராமே."

"நானா? நாய் முடி காத்துல வந்தாலே எனக்குத் தும்மல்லா அண்ணாச்சி. யாரு சொன்னா?"

சொல்லி முடிப்பதற்குள் தும்மினார். அந்தத் தும்மலில் பொய் இல்லை. வருத்தமும் இல்லை.

முருகேஸ்வரி ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"ஏளா, அவனுக்கு நாயே ஆகாதாமே."

"முட்டி வலியில எனக்குந்தான் நடக்க ஆகல. நான் சொன்னா யாரு எந்திரிச்சா?" காதுகுத்து வீட்டுப் பூந்தியைத் தட்டில் கொட்டினாள்.

காசிலிங்கம் கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"இங்கன பாரு, முடிச்சச் சொல்லித் தாரேன். ரொம்ப லேசு."

"கப்பல் வேலையெல்லாம் எனக்கு என்னத்துக்குங்க? பூந்தி எடுத்துக்கோங்க."

இனிகோ இன்னும் வருத்தம் சொல்லவில்லை. போய்க் கேட்கக் காசிலிங்கத்துக்கு நேரமும் இல்லை. பிங்கி வாசலில் நிற்கிறது.