முழுசாக ஓர் அணில்

"ஏட்டி கேத்ரினு, நீ எடுக்கிற படத்துல முழுசா ஒரு பிராணி எப்பத்தான் விழும்?"

கிறிஸ்துமஸ் விருந்தன்று, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில், ஷீனா மதினி கேட்ட கேள்வி இது.

கேட்டதில் பிழையில்லை. கேத்ரினின் போனில் மயிலுக்குக் கழுத்து இருக்காது, குரங்குக்குத் தலை இருக்காது. மீன்கொத்தி என்று அவள் காட்டிய படத்தில் ஒரு குளம் மட்டும் இருந்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆனால் பங்குனியில், ராஜபாளையத்தில் அவர்கள் சபையில் ஈஸ்டருக்குப் படக் கண்காட்சி என்று அறிவித்தபோது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பட்டியலில் தன் பெயரை எழுதிவிட்டாள். தானாக முன்வந்து எதற்கும் அவள் பெயர் கொடுத்தது அதுவே முதல் தடவை. பக்கத்தில் 'சாம்பல் அணில்' என்றும் எழுதினாள். பட்டியல் ஷீனா மதினியின் கையில் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை தோட்டத்துக்கே வந்து படத்தை வாங்கிக்கொள்வாளாம். வால் மட்டும் இருந்தால் வாங்கமாட்டாளாம்.

செண்பகத்தோப்பில் அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. பங்குனியில் மாமரமெல்லாம் வடு, வேலியோரப் புங்கையெல்லாம் பூ. தேனீச் சத்தத்தில் காதே இனிக்கும். மலையிலிருந்து சாம்பல் அணில் இறங்குவதும் அப்போதுதான். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமாக வால். கேத்ரின் எதிர் மரத்தில் புளியம்பழத்தைக் கொத்தாகக் கட்டினாள். மிச்சத்தைத் துணிப்பையில் போட்டு, தான் நிற்கிற மரத்தில் முதுகுக்குப் பின்னால் மாட்டினாள். போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை கொலுசு காட்டிக்கொடுத்தது. வால்தான் விழுந்தது. செவ்வாய்க்கிழமை கொலுசைக் கழற்றினாள். மஞ்சள் சுடிதார் காட்டிக்கொடுத்தது. புதன்கிழமை உடம்பெல்லாம் மாங்குழை கட்டி மரத்தோடு மரமாக நின்றாள். குழையில் குடியிருந்த முசுறு எறும்புகள் சுடிதாருக்குக் குடிபெயர்ந்தன. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தில், அணில் மட்டுமில்லை, காக்காகூடத் தோப்பைக் காலி செய்துவிட்டது.

வேம்பில் முசுறு அண்டாது என்று யோசித்து, வியாழக்கிழமை தலைமுதல் கால்வரை, போன் பிடித்த கையையும் சேர்த்து, வேப்பங்குழை கட்டிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரியம்மன் பூக்குழிக்குக் கொடியேறியிருந்த நேரம். பூமிதிக்கக் காப்புக் கட்டியிருந்த வன்னியம்பட்டி அய்யம்மாள், தோப்புக் குறுக்கே நடந்து போனவள், மாமரத்தடியில் வேப்பிலையே உடுப்பாக ஒரு பெண் நிற்பதைக் கண்டாள். வந்த தும்மலை அடக்கியதில் அந்தப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அய்யம்மாள் அங்கேயே விழுந்து கும்பிட்டு, மகனுக்கு எப்போது பொண்ணு அமையும் என்று உரக்கக் கேட்டாள்.

இந்தச் சத்தத்துக்கு அணில் எங்கே வரும்? கேத்ரின் உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "பேசாதீக. செத்த நேரம் உக்காருங்க."

அய்யம்மாள் பயபக்தியோடு உட்கார்ந்தாள். கேத்ரினுக்கு மனசு உறுத்தியது.

"நான் சாமி இல்லக்கா."

"வந்த சாமி எது ஒத்துக்கிட்டிருக்கு?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். சனிக்கிழமை இருபது பேர். மஞ்சத்தண்ணியையும் எலுமிச்சம்பழத்தையும் காலடியில் வைத்துவிட்டு, கேத்ரினையே பார்த்தபடி மணிக்கணக்கில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் மரத்துப் புளியம்பழத்தை ஒன்றும் சீண்டவில்லை. பையிலிருந்ததுதான் நாளுக்கு நாள் குறைந்தது. பிரசாதமென்று எடுக்கிறார்கள் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஷீனா மதினி வந்தாள். சபையில் படம் வைக்கப் பெயர் கொடுத்த நாத்தனார் வேப்பிலைக்குள் நிற்கிறாள். எதிரே இருபது பேர் கைகூப்பியிருக்கிறார்கள். மதினி கத்தவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"படமெடுத்து ஒன் அண்ணனுக்கு அனுப்புதேன். அவிய பாக்கட்டும் இந்தக் கூத்தை."

கேத்ரினுக்கு அழுகை முட்டியது. இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது? எதிரே இருந்தவர்களிடம், தனக்கு வேண்டியது வரவேயில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"இப்பப் பேசலாமா தாயி?" என்று அய்யம்மாள் கேட்டாள்.

கேத்ரின் தலையாட்டினாள்.

"மூணு நாளா ஒன் முதுகுக்குப் பின்னால உக்காந்து ஒரு மலையணிலு பையிலருந்து புளியம்பழம் திங்குது. நீ பேசக்கூடாதுன்னுட்ட. நாங்களும் அது ஒன் வாகனமாக்கும்னு இருந்துட்டோம்."

கேத்ரின் மெல்லத் திரும்பினாள். ஒரு முழத் தூரத்தில், அவளை மரமென்றே முடிவுகட்டிவிட்ட அணில், வாய் கொள்ளாத புளியோடு அவளைப் பார்த்தது. அவள் அழுத்தினாள். காது, மீசை, பழத்தைப் பிடித்த விரல், வாலின் நுனிவரை அம்புட்டும் விழுந்தது. அதே நொடியில் மதினியும் அழுத்தினாள். மதினி போனின் பிளாஷ் வெளிச்சத்துக்கு அணில் ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய்விட்டது.

கேத்ரின் படத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு, இருபது பேர் முன்னால், வேப்பங்குழையை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"மதினி, ஒங்க படத்துல முழுசா விழுந்திருக்கா?"

ஷீனா மதினி போனைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த அய்யம்மாள்தான் எட்டிப் பார்த்தாள்.

"வாலுதான் தாயி."

மதினி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.