முப்பது ஸ்டைலும் ஒற்றை விசிலும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. நன்றாக இருக்கிற ஒன்றை எடுத்து ஒழுங்குபடுத்துவேன். கல்யாணமான புதிதில் வீட்டு அஞ்சறைப் பெட்டியை அகர வரிசைப்படி மாற்றி வைத்தேன் (கடுகு, சீரகம், மஞ்சள், மிளகு, வெந்தயம், பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா). என் மனைவி மலர் பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறவள் இல்லை. அவள் கை அது பாட்டுக்குப் பழைய இடத்துக்குப் போனது. சீரகம் விழ வேண்டிய பொங்கலில் வெந்தயம் விழுந்தது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

கீரனூரில் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிப்பேன். வாசிப்பேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். என்னிடம் இருப்பது தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் தானே பார்த்துக்கொள்ளும் வகைக் கீபோர்டு. இடது கையால் மூன்று கட்டையை அமுக்கிப் பிடித்தால் போதும், தபேலா, பேஸ், கிட்டார் எல்லாம் உள்ளிருந்து கிளம்பிவிடும். அந்தத் தாளக் கட்டு ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் என்று பெயர். வாசிக்கிறவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் அதை வாங்கினேன்.

என் அப்பா கண்டக்டர். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே போய் வந்தவர். ஓய்வு பெறும் மாதம் நெருங்கியபோது, சின்னதாக ஒரு மண்டபம் பிடித்து, சொந்தக்காரர்களையும் டிப்போ ஆட்களையும் கூப்பிட்டு விழா வைப்பது என்று முடிவானது. உங்களுக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டோம். மோதிரம் வேண்டாம் என்றார். கைக்கடிகாரம் வேண்டாம் என்றார்.

"ஒரே ஒரு பாட்டு, மைக்கப் பிடிச்சுப் பாடணும் தம்பி. நீ கீபோர்டு வாசி. அது போதும் எனக்கு."

அம்மாவே திரும்பிப் பார்த்தாள். அவர் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருடைய பஸ்ஸில் பதினோரு வருஷமாக டிரைவராக இருந்த ராசு மாமா தினமும் போடுகிற பாட்டுகளில் ஒரு பழைய படகுப் பாட்டும் உண்டு. டிக்கெட் கிழித்த காலத்திலும், பிறகு மெஷினில் கொடுத்த காலத்திலும், அப்பா அதை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வந்திருக்கிறார். ராசு மாமாவுக்கு மட்டும்தான் அது தெரியும். (எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். பிறகு அதை எங்கே கேட்டாலும் உங்களுக்கு என் ஞாபகம் வரும். பாட்டு பாவம்.)

வாய்விட்டு எதையும் கேட்காத மனிதர் கேட்டது அது ஒன்றுதான். அதனால் மூன்று மாதம் ஒத்திகை பார்த்தோம். டியூட்டி முடிந்து வந்ததும் குளித்து, விபூதி பூசி, கையில் பாட்டு எழுதிய காகிதத்தோடு என் எதிரில் வந்து உட்காருவார். "ரைட்" என்பார். நான் தாளத்தைத் தொடங்குவேன். தண்ணீரில் படகு அசைகிற மாதிரி மெதுவாகப் போகும் தாளம். முதல் மாதம் எந்த இடத்தில் பாட்டை எடுப்பது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது மாதம் கண்ணை மூடிக்கொண்டு சரியாக எடுத்தார். அந்தத் தாளம், வேகம், சுருதி, புல்லாங்குழல் எல்லாவற்றையும் சேர்த்து, பாட்டுப் பட்டியலில் பதினேழாம் எண்ணில் பதிந்து வைத்தேன். பதினேழை அமுக்கினால் எல்லாம் தானாக வந்து நிற்க வேண்டும். நின்றது. இத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

விழாவுக்கு முந்தின நாள், மாலை போடும் நேரத்தில் வாசிக்கலாம் என்று ஒரு புது ஸ்டைல் கிடைத்தது. ஏற்றப் பார்த்தால் இடமில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றும் ஸ்டைல்களுக்கு என் கீபோர்டில் முப்பது இடம். முப்பதும் நிரம்பியிருந்தது. ஒன்றை அழித்தால் போதும். ஆனால் திரையில் அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. குத்துக்கு அடுத்து பக்தி, பக்திக்கு அடுத்து டிஸ்கோ, டிஸ்கோவுக்கு அடுத்து கெட்டிமேளம். இதை இப்படியே விட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார் எப்படித் தூங்குவது?

மலர் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு விசேஷத்த வச்சுக்கிட்டு இன்னைக்கு எதுக்குங்க அத நோண்டுறீங்க?"

"நோண்டல. ஒழுங்குபடுத்துறேன்."

"அஞ்சறைப் பெட்டிக்கும் இதத்தான் சொன்னீங்க."

"சமையல் வேற, டெக்னாலஜி வேற மலர்" என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டாள்.)

ஒன்றை அழித்துப் புதியதை ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் செலவழித்து முப்பதையும் வகைப்படுத்தினேன். முதலில் பக்தி, பிறகு மெலடி, பிறகு குத்து, கடைசியில் மற்றவை. ஒவ்வொரு ஸ்டைலையும் வாசித்துப் பார்த்தேன். எல்லாம் அருமை. பாட்டுப் பட்டியலை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. அதில்தான் நான் எதையும் மாற்றவில்லையே. ஆனால் பதினேழாம் எண்ணில் பதிந்திருந்தது அப்பாவின் படகுத் தாளம் இல்லை. "பன்னிரண்டாம் இடத்தில் இருப்பதை வாசி" என்ற தகவல் மட்டும்தான். அந்தச் சனியனும் மலரின் கை மாதிரி இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, பொருளை இல்லை. பன்னிரண்டாம் இடத்தில் இப்போது ஒரு திருவிழாக் குத்து உட்கார்ந்திருந்தது. இது எனக்குத் தெரியாது. கீபோர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

மறுநாள் சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பாதிக்குப் பாதி காக்கிச் சட்டைகள். முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு வாசித்தேன். அது எப்போதும் ஒன்றாம் இடத்தில் இருந்த ஸ்டைல், அதனால் இடம் மாறவில்லை, ஒழுங்காக வந்தது. பெருமையோடு மலரைப் பார்த்தேன். அவள் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுகள் முடிந்தன. அப்பாவுக்கு நெற்றி நிறையச் சந்தனம் வைத்து, ஆளுயர ரோஜா மாலை போட்டு, மேடை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டிப்போவின் கிளை மேலாளர் மைக்கை அவர் கையில் கொடுத்து, "உக்காந்தே பாடுங்க, நின்னதெல்லாம் போதும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா காகிதத்தைப் பிரித்தார். என்னைப் பார்த்து, "ரைட்" என்றார்.

பதினேழை அமுக்கினேன். சுருதி சரியாக வந்தது. புல்லாங்குழல் சரியாக வந்தது. வேகமும் அப்பாவுக்கென்று பதிந்த அதே மெதுவான வேகம். தாளம் மட்டும் குத்து. வேகமாகப் போனால் தேர் இழுக்கிற உற்சாகம் வர வேண்டிய தாளம் அது. அதையே பாதி வேகத்தில் விட்டால் எந்த ஊர்வலம் ஞாபகம் வருமோ, மண்டபத்தில் அத்தனை பேருக்கும் அந்த ஊர்வலம்தான் ஞாபகம் வந்தது. நடுவில் நாற்காலியில் மாலையோடு அப்பா. பின்வரிசையில் ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்.

ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, முதல் வரிசையிலிருந்து கேட்டார்: "ஏன்டா, உசுரோட இருக்க மனுசன மாலையப் போட்டு ஒக்கார வச்சு, இதையா வாசிப்ப?"

என் காலடியில் ஒரு பெடல் இருந்தது. மிதித்தால் பட்டியலில் அடுத்த பாட்டுக்குப் போகும். மிதித்தேன். கெட்டிமேளம் வந்தது. அம்மா அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வரவேற்புத் தட்டிலிருந்த பூவை இரண்டு பெண்கள் அள்ளி மேடையை நோக்கிப் போட்டேவிட்டார்கள். மறுபடி மிதித்தேன். டிஸ்கோ. மறுபடி மிதித்தேன். கிறிஸ்துமஸ் மணி.

அப்பா ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தார். மூன்று மாதம் பழகியவர் இல்லையா, எங்கேயாவது எடுத்துவிடலாம் என்று தேடிப் பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் நாலு தடவை கேட்டது.

ஸ்டாப் பட்டன் என்று ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கியிருக்கலாமே என்று இன்றைக்கு ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அமுக்கினேன் ஐயா. நின்றது. ஆனால் இடது கை கட்டையில் பட்டதும் தாளம் தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தேனே, புத்திசாலி. கையோ பழக்கத்தில் கட்டைக்கே போகிறது. நிறுத்துவேன், கை படும், மறுபடி கிளம்பும். மண்டபத்தில் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. கிளை மேலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது அப்பா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. கடைசி ஸ்டாப்பில் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி எழுந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவை கேட்டார், அதையும் கெடுத்துவிட்டேன். 

சட்டைப் பைக்குள் போன கை வெறுமனே வெளியே வரவில்லை. விசிலோடு வந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நீளமாக ஒரு விசில் அடித்தார்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. முன்வரிசை டிரைவர்களின் வலது கால்கள் தரையை அழுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். காற்றுக்காகச் சுவரோரம் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ராசு மாமா யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது. கீபோர்டு வயர் செருகியிருந்த ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தார். கீபோர்டு விளக்கெல்லாம் அணைந்து செத்துப்போனது.

 அப்பா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"ராசு."

"அண்ணே."

"எறங்க வேண்டியவுக எறங்கியாச்சு. நாம போவமா?"

"போலாம்ண்ணே."

இரண்டு விசில். ராசு மாமா ஒரு ஸ்டீல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகில் விரலால் தட்ட ஆரம்பித்தார். அப்பா நின்றுகொண்டே பாடினார். நான் பதிந்து வைத்திருந்த சுருதியைவிட இரண்டு கட்டை கீழே எடுத்தார். மூன்று மாதமாக நான் அவரைக் கழுத்தை எக்க வைத்திருக்கிறேன், அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் எக்கியிருக்கிறார். பிடித்த இடத்தில் நின்றார், நிதானமாக இழுத்தார், ராசு மாமாவின் விரல் அவருக்காகக் காத்திருந்தது. என் கீபோர்டு யாருக்காகவும் காத்திருந்ததில்லை. டிப்போ முழுக்கச் சேர்ந்து தட்டியது. அத்தை அழுதார். நான் செத்த கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி வாசிக்கிற மாதிரியே நின்றிருந்தேன். இறங்கிப் போகவும் கூச்சமாக இருந்தது, அவர் பாடுவதை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அவ்வளவு நன்றாகப் பாடினார்.

பந்தியில் அப்பா எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லா வாசிச்ச தம்பி" என்றார்.

"எப்பப்பா?"

"கடைசில."

அன்று ஆரம்பித்தது. இன்றைக்கும் எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "மாப்ள, கடைசில வாசிச்சியே, அதை ஒருதரம் வாசி" என்பார்கள். நான் சுவிட்சை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். கைதட்டு வேறு விழும்.

பையையும் டிக்கெட் மெஷினையும் அப்பா டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். விசில் அவர் சொந்தமாக வாங்கியது. அதை மலர் கையில் கொடுத்து, "எனக்கு சர்வீஸ் முடிஞ்சிருச்சும்மா. ஒனக்கு இன்னும் கெடக்கு" என்றார். அவளும் அதை நன்றாகவே பயன்படுத்துகிறாள். பீரோவைத் திறந்து புடவைகளை நிறவாரியாக அடுக்கலாமா என்று நான் யோசிக்கும்போதே சத்தம் வந்துவிடும்.

போன வாரம், இடத்தையெல்லாம் தொடாமல் ஸ்டைல்களின் பெயரை மட்டும் கொஞ்சம் சீராக்கலாம் என்று கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து ஒரு விசில். இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பருப்பு வாசனை வந்த பிறகுதான் அது குக்கர் என்று தெரிந்தது. இருந்தாலும் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன்.