மோந்து பார்த்த செம்பருத்தி

இந்த வருஷமும் பரிசு கிடைக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவது என்று விஜயன் முடிவு கட்டிவிட்டார். சுபாங் ஜெயாவில் அவர் வீடு இருந்த தாமான் குடியிருப்பில் வருஷா வருஷம் தோட்டப் போட்டி நடக்கும். பக்கத்து வீட்டுச் சிவநேசன் காகிதப்பூவை வைத்துக்கொண்டே பரிசைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வயிற்றெரிச்சலில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, விஜயன் சுங்கை பூலோ நர்சரிகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். விதவிதமான ஒட்டுச் செம்பருத்திகள் வீடு வந்து சேர்ந்தன. மஞ்சளில் சிவப்புக் கண் வைத்தது ஒன்று, அடுக்கடுக்காக விரிவது ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஊதாப் பூ ஒன்று.

ஆனால் பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மனைவி உஷாராணி காலையில் குளித்துவிட்டுக் கூடையோடு வருவாள். விரிந்த பூவெல்லாம் அம்மன் படத்துக்குப் போய்விடும். செம்பருத்திக்கு ஆயுசே ஒரு நாள்தான். அதையும் சாமி அறையில் கழித்தால் கமிட்டிக்காரர்கள் எதைப் பார்த்து மார்க் போடுவார்கள்? கெஞ்சிப் பார்த்தார். அம்மனுக்கு இல்லாத பூ யாருக்கு என்று கேட்டுவிட்டாள்.

மூளையைக் கசக்கினார் மனுஷன். மோந்து பார்த்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாதே! மறுநாள் அவள் கூடையோடு வந்தபோது, இவர் ஒவ்வொரு பூவிலும் மூக்கை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கெல்லாம் மகரந்தம்.

"என்னங்க பண்றீங்க?"

"வாசனை பாக்குறேன், உஷா."

"செம்பருத்திக்கு ஏதுங்க வாசனை?"

"அதைத்தான் தேடுறேன். ஒண்ணு விடாம மோந்துட்டேன். இனி சாமிக்கு ஆகாது."

உஷாராணி சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். பூவைக் கெடுத்தவரே சாமிக்குப் பூ வாங்கி வரட்டும், அதுவும் காரில் போகிற தூரத்திலிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில்தான் வாங்க வேண்டும் என்று சாதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து விடிந்தால் மூக்கு வேலை, பிறகு பிரிக்பீல்ட்ஸ். தோட்டம் மட்டும் பூத்துக் குலுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டியன்று ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு மட்டும் கடைக்குப் போகவில்லை என்றார்.

"பரவால்லங்க. அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நம்ம பூவையே பறிச்சுக்கிறேன்" என்றாள்.

விஜயன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பிரிக்பீல்ட்ஸில் ஏதோ ஓட்டப்பந்தயத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றி அவர் வீடு திரும்பியபோது கமிட்டி வந்துபோய்விட்டது. சிவநேசன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றார். அந்த முகத்தைக் கண்டதும் விஜயனுக்கு உச்சி குளிர்ந்தது. மல்லிகைப் பொட்டலத்தோடு உள்ளே பாய்ந்தார்.

உஷாராணி பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் அந்தச் சிவப்புக் கண் செம்பருத்தி.

"உஷா, அந்தப் பூ..."

"சாமிக்குத்தானேங்க ஆகாது?"

கோப்பையில் பெயரைப் பார்த்தார். திருமதி உஷாராணி என்று எழுதி ஒட்டியிருந்தது.

"தோட்டம் என்னோடதுன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் லா. அவர் எங்கன்னு கேட்டாங்க. பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ வாங்கப் போயிருக்கார்னேன். ஒருத்தரும் நம்பலைங்க."