ஒதுங்குவோர் பேரவை

அரசு எப்படித் தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட எங்கள் மாடியில் குடியிருந்ததில்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும்: மகத்தான அரசுகள் யாவும் தாழ்ப்பாள் கழன்ற கழிப்பறையிலிருந்தே உதிக்கின்றன.

மாடியில் நான்கு குடித்தனங்கள். பொதுவாக ஒரே கழிப்பறை. தாழ்ப்பாள் கழன்று விழுந்த நாளிலிருந்து, உள்ளே போனவர் பாடுவார், வெளியே நிற்பவர் காத்திருப்பார். இந்தக் காட்டுமிராண்டி வழக்கத்தில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். பக்கத்துக் குடித்தனத் தச்சருக்குக் கழுதையோடு போட்டிபோடும் குரல். ஆனாலும் காரியம் நடந்தது.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் பாடமாட்டார். கௌரவம். ஒருநாள் காலை அவர் உள்ளே இருப்பது தெரியாமல், கடைசி வீட்டு டைலர் அக்கா கதவைத் திறந்துவிட்டார். இருவரும் அலறினார்கள். மாலையே வராந்தாவில் நாற்காலி போட்டுப் பொதுக்கூட்டம்.

“ரெண்டு திருகாணி முடுக்கினா போதும் ஐயா. அஞ்சு நிமிஷ வேலை” என்றார் தச்சர்.

“அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைக்கு அரசாங்கம் எதுக்குப்பா?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

இந்தப் பதிலுக்காகத் தச்சர் ‘எதிர்க்கட்சி’ என்று குறிப்பேட்டில் பதிவானார். சொந்தமாக விசில் வைத்திருந்ததால் ஸ்டேஷன் மாஸ்டர் தலைவரானார். அச்சகத்தில் பிழை திருத்துபவன் என்பதால் நான் செயலாளர். ‘ஒதுங்குவோருக்கு ஒதுக்கீடு’ என்ற கொள்கை விளக்கக் குறிப்பை ஒரு சந்திப்பிழைகூட இல்லாமல் எழுதியவன் அடியேன்தான். குடித்தனத்துக்கு நாளொன்றுக்கு நான்கு சீட்டு. மேற்கொண்டு வேண்டுமென்றால் மனு.

பேரவைக்கு அலுவலகம் வேண்டுமே? மாடியில் பொது இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். தலைவர் கோப்புகளோடு அங்கேயே பதவியில் அமர்ந்தார். இருக்கைச் செலவு மிச்சம். அலுவலக நேரத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று விசில் ஊதி அறிவித்தார். மற்ற நேரங்களில் வெளியே பூட்டு, சாவி என்னிடம். திருகாணியோடு கதவருகே நெருங்கிய தச்சரின் திருப்புளி பறிமுதல் செய்யப்பட்டது.

செயலாளர் என்ற முறையில் நான் ஒரு சீட்டைக்கூடத் தொட்டதில்லை. தியாகம். அச்சகத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறது.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். காலை ஏழு மணிக்கே அவளது நான்கு சீட்டும் தீர்ந்துவிட்டன.

“ஏங்க, சாவியைக் குடுங்க.”

“மனு?”

“வயித்தைப் பாத்தா தெரியலையா?”

“எனக்குத் தெரியுதும்மா. கோப்புக்குத் தெரியணுமில்ல?”

சுவரில் சாய்ந்தபடி எழுதிக் கொடுத்தாள். ‘அவசறம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சட்டத்தின் முன் எல்லா எழுத்தும் சமம்.

“பாட்டுப் பாடிக்கிட்டு நிம்மதியா இருந்தோமே, அது என்ன கெட்டுப்போச்சு?”

“அது அராஜகம்.”

“அப்ப இது?”

“ஒழுங்குமுறை.”

“இல்லைங்க” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “அடக்குமுறை.”

டைலர் அக்காதான் அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி எதிர்க் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். மாலையில் துணிமணி எடுக்க மட்டும் திரும்பிவந்தாள். அங்கே வீடு காலியாம். தச்சர் ஏற்கெனவே குடிபோய்விட்டாராம்.

“அங்க நிர்வாகம் எல்லாம் எப்படி?” என்று அக்கறையோடு கேட்டேன்.

“நிர்வாகம் எல்லாம் இல்லைங்க. கதவு சாத்துது.”

அடுத்த வாரம் டைலர் அக்காவும் தையல் மெஷினோடு போய்விட்டார். அதன்பிறகு எங்கள் ஆட்சியில் வரிசை இல்லை, கூச்சல் இல்லை, ஒரு புகார்கூட வரவில்லை. இதற்காக எனக்கு நானே எழுதிய பாராட்டுப் பத்திரத்தில் தலைவர் உள்ளே இருந்தபடியே கையெழுத்திட்டார்.

எதிர்க் கட்டடத்தில் சில நாட்களாக ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. என்னுடையது என்கிறார்கள். அதிகாரபூர்வமாக எனக்கு இன்னும் தகவல் வரவில்லை.