சம்பந்தியம்மாள் தந்த கந்தராஜன்

எருத்தேன்பதி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ரத்தினசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் முத்தாத்தாளின் கணவன் ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொண்டது. மாரியம்மன் கிருபையால் இவ்விடம் மனிதர், மாடு, ஆடு எல்லாம் க்ஷேமம். இரண்டு தொட்டிச் செடிகள்தாம் க்ஷேமமில்லை. கோயமுத்தூரில் நீங்களும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன். நம்புவது சரிதானா என்று ஒரு வரி எழுதவும்.

நம் மகள் சுப்பாத்தாளுக்குக் கார்த்திகையில் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தபோது, மணமகனின் தாயார் கருப்பாத்தாள் அம்மாள், வெள்ளைப் பூப் பூக்கும் கந்தராஜன் செடி இரண்டைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்து, "வருசம் பூராப் பச்சை மாறாத செடிங்க. பொண்ணு கையில இது பச்சையா இருந்தா எங்க ஊடும் பச்சையா இருக்கும்" என்று சபையில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். வைகாசியில் கல்யாணம். மாசி பிறக்கும்போதே இலைகள் மஞ்சள். வரும் வியாழக்கிழமை அந்த அம்மாள் ரவிக்கை அளவெடுக்க வருகிறார். சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் பெண்ணின் கதி என்ன?

முதலில் தண்ணீர் போதவில்லை என்று கருதிக் காலையில் ஊற்றினேன். அதே கருத்தில் உங்கள் அக்காள் உச்சியிலும் சுப்பாத்தாள் சாயங்காலத்திலும் ஊற்றிவந்தது பிறகுதான் தெரிந்தது. செடி மஞ்சளானதை மற்றவர் கவனிக்கவில்லை என்று மூவருமே நம்பி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். தண்ணீரை நிறுத்தினால் இலை உதிர்ந்தது, வெயில் போதாதோ என்று தொட்டிகளைக் காலையில் கிழக்கு வாசலுக்கும் மாலையில் மேற்கு வாசலுக்கும் தூக்கினால் என் இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஆட்டுப் புழுக்கை போட்டால் மிச்சமிருந்த பச்சை இலைகளை ஆடே வந்து தின்றுவிட்டது, எருவுக்குக் கூலி என்று நினைத்ததோ என்னவோ. பக்கத்துக் காட்டு ஆறுச்சாமி பார்த்துவிட்டு, "ஏனுங்க, கல்யாண ஊட்டுல மஞ்சளா இருந்தா நல்லதுதானுங்களே" என்றான். இதையே சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை.

கடைசியில் ஓர் இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள். தண்ணீர்க் குறையானால் நரம்பும் சேர்ந்தல்லவா வாடும்? தொட்டியைக் கவிழ்த்தேன். மண்மேல் வெள்ளைப் பொருக்கு. அடித்துளையில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. தைப்பொங்கல் நோம்பிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, சம்பந்தி வீட்டுப் பொருள் மட்டும் பழசாகத் தெரியக் கூடாதென்று தொட்டிகளுக்கும் வெள்ளையடித்துக் காவிப் பட்டை இழுத்தோம். மிச்சச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கறையான் வராமலிருக்க வேரில் ஊற்றியவன் நான்தான்.

பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, செம்மண்ணும் புளியமரத்தடி இலைமக்கும் கலந்து, வெள்ளையடிக்காத தொட்டியில் வைத்தேன். சுண்ணாம்பை முறிக்கட்டும் என்று, துருப்பிடித்த ஏர்க்கொழுவை ஊறவைத்த புளித்த மோர்த் தண்ணீரைக் கொஞ்சமாக விடுகிறேன். நேற்று ஒரு துளிர் வந்திருக்கிறது. பச்சை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் உங்கள் அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பச்சைதானுங்க. நீங்க இப்படிக் குத்தவெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா வெக்கப்பட்டு உள்ள போயிரும், எந்திரிச்சு வாங்க" என்றாள்.

இருந்தாலும் ஒரு துளிரை நம்பிப் பெண்ணின் வாழ்வை விட்டுவிடலாமா? ஆகையால் அங்கே இதே உயரத்தில் இரண்டு கந்தராஜன் வாங்கி, துணி போர்த்தி, புதன்கிழமைக்குள் கொண்டுவரவும். வழியில் யாராவது கேட்டால் தென்னங்கன்று என்று சொல்லவும். தென்னங்கன்றுக்கு எதற்குத் துணி என்று கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. குழந்தைகள் செடிபோல் தழைத்து வளரட்டும். இல்லை, செடியை விடுங்கள், நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மாள் சொல்லாமல் வந்துவிட்டார். நேரே செடிகளிடம் போய்த் துளிரைத் தொட்டுப் பார்த்து, மெல்லிய குரலில், "ஏனுங்க சம்பந்தி, எங்க ஊட்டுல மிச்சமிருந்த செடித் தொட்டிகளுக்கும் நோம்பிக்கு வெள்ளையடிச்சமுங்க, அத்தனை செடியும் மஞ்சளாப் போச்சு. நீங்க பாத்தாப் பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு மாட்டுச்சாளைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கறேன். இதுக்கு என்ன மருந்துங்க போட்டீங்க?" என்று கேட்டார். ஆகையால் செடிகள் வேண்டாம். கல்யாணம் வைகாசியில்தான். நாளைக்கு வைத்தியம் பார்க்க என்னை வண்டி கட்டி அழைத்துப் போகிறார். நான் வைத்தியன் இல்லை, இதெல்லாம் தற்செயல் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் அக்காள் என் காலை மிதித்துவிட்டாள்.